ஊரிலிருந்து வந்த சிநேகிதனை வீட்டில் தங்க வைத்தால் குற்றமா?

மோல்மேன் பையன் (ஜனவரி 2020)

மார்கழியில் மதுரையிலிருந்து என் சிநேகிதன் பர்மாவுக்கு வந்திருந்தான். முதுகில் ஒரே ஒரு பை. மடிப்பு விழுந்த டாலரை இங்கே யாரும் மாற்றித் தர மாட்டார்கள் என்று முன்னாடியே சொல்லியிருந்தேன். நோட்டுகளை ஒரு தடித்த புத்தகத்துக்குள் வைத்து, ஏதோ ஜாதகம் கொண்டு வருகிற மாதிரி பத்திரமாகக் கொண்டு வந்தான்.

ரங்கூனில் ஷ்வேடகோன், சுலே பகோடாக்கள், அனவ்ரதா ரோட்டில் காளி கோயில், சாயங்காலம் நடைபாதையில் அத்தோ. அதெல்லாம் எல்லோரும் பார்ப்பதுதான். பழைய கோயில்கள் நிறைந்த பாகனுக்குத்தான் வேண்டுமென்றே ராத்திரி ரயில் பிடித்தோம், அதுவும் சாதாரண வகுப்பில். பஸ்ஸில் ஒன்பது பத்து மணி நேரம். ரயிலில் அதைப் போல இரண்டு மடங்கு. இந்த ரயில் பக்கவாட்டில் ஆடுவதோடு நிற்காது, மேலும் கீழும் குதிக்கும். மர பெஞ்சிலிருந்து ஆளைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கும். இருட்டில் மரக்கிளை ஜன்னலில் அறைந்து மடியில் இலையைக் கொட்டிவிட்டுப் போனது. அவனுக்கு அந்த ராத்திரியே போதும், ஊருக்குப் போய்ச் சொல்ல.

பாகனில் ஈ-பைக். திரும்பி வந்து, கின்பூன் அடிவாரத்திலிருந்து லாரி பெஞ்சில் ஆளோடு ஆள் இடித்துக்கொண்டு, தங்கப் பாறை இருக்கிற சைட்டியோ மலை. அங்கிருந்து மோல்மேன் போகிற வழியில் ஒரு சின்ன ஊரில் என் சித்தி வீடு. ஒரு ராத்திரி அங்கே தங்கினோம். மறுநாள் நாங்கள் கிளம்பிய பிறகு வார்டு ஆபீஸிலிருந்து ஆள் வந்து சித்தியைக் கூட்டிக்கொண்டு போய், மதியம் வரைக்கும் உட்கார வைத்து, எதிலோ கையெழுத்து வாங்கி அனுப்பியிருக்கிறார்கள்.

இதை நம் ஆட்கள் சிலரிடம் சொன்னதும் "பொறுப்பில்லாத பயல்" என்று எனக்குப் பட்டம். அதனால்தான் இங்கே கேட்கிறேன். ஓட்டலிலேயே படுத்து ஓட்டலிலேயே சாப்பிட்டால் அவன் எந்த பர்மாவைப் பார்ப்பான்? சொந்தக்காரர் வீட்டில் ஒரு ராத்திரி படுக்கிறது அவ்வளவு பெரிய பாவமா?

தட்டோன் மாமா

தம்பி, பட்டம் சரிதான்.

வெளிநாட்டுக்காரர் லைசென்ஸ் உள்ள விடுதியில்தான் தங்க வேண்டும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த சட்டம். தெரியாமல் செய்திருந்தால் பேச்சே வேறு. தெரிந்துதான் செய்திருக்கிறாய், அதற்கு "அனுபவம்" என்று பேரும் வைக்கிறாய். உன் சிநேகிதன் விமானம் ஏறிப் போய்விட்டான். உன் சித்தி அதே வார்டில்தான் நாளைக்கும் காய்கறி வாங்க வேண்டும். அடுத்த முறை அட்டை புதுப்பிக்க, பேரப்பிள்ளைக்குக் குடும்பப் பட்டியலில் பேர் சேர்க்க, அதே மேஜைக்கு முன்னால்தான் நிற்க வேண்டும்.

நீ இளவட்டம், உனக்கு இது கதை. எங்கள் தலைமுறைக்கு அப்படி இல்லை. 1964இல் கடைகளை அரசு எடுத்துக்கொண்டது. பெரிய நோட்டுகள் செல்லாது என்று ஆனது. கப்பல் கப்பலாக ஆட்கள் ஊருக்குப் போனார்கள். போகாமல் இருந்தவர்களுக்கு 1982இல் குடியுரிமைச் சட்டம். இளஞ்சிவப்பு அட்டையா, நீல அட்டையா, பச்சை அட்டையா என்பதை வைத்துத்தான் நீ யார் என்று முடிவாகும். நாலு தலைமுறை இங்கே உழுதவன் வீட்டில் இன்னும் முழுக் குடியுரிமை இல்லாத நீல அட்டையும் பச்சை அட்டையும் கிடக்கிறது. இந்த நிலையில் வார்டு ஆபீஸ் நோட்டில் நம் ஆட்கள் பேர் ஏறாமல் இருப்பதே பெரிய காரியம்.

அம்பத்தூர் டு ரங்கூன்

சார், நான் இங்கே வேலைக்கு வந்தவன். பயத்திலேயே வாழச் சொல்கிறீர்கள் என்று படுகிறது. தப்பா எடுத்துக்காதீங்க.

பை தூக்கி வருகிறவன் என்ன செய்கிறான்? தெருக்கடையில் மொஹிங்கா சாப்பிடுகிறான், சைக்கார் என்கிற சைக்கிள் ரிக்ஷா ஏறுகிறான், சின்ன விடுதியில் படுக்கிறான். காசு சின்னச் சின்ன கைகளுக்குப் போகிறது. முந்நூறு டாலருக்கு மேல் கொடுத்து பாகனில் பலூன் ஏறுகிறவன் காசு யாருக்குப் போகிறது என்று நமக்குத் தெரியாதா? ஊர் பார்ப்பது என்றால் ஊர் ஆட்களோடு இருப்பதுதான். எங்கள் ஊரில் ஒரு பர்மாக்காரர் வந்தால் எங்கள் வீட்டில்தான் படுப்பார், யாரும் கேட்க மாட்டார்கள்.

தட்டோன் மாமா

கேட்பார்கள் ஐயா. வெளிநாட்டுக்காரரை வீட்டில் தங்க வைத்தால் 24 மணி நேரத்துக்குள் அதிகாரிகளுக்குத் தகவல் கொடுக்க வேண்டும் என்று உங்கள் ஊரிலும் சட்டம் இருக்கிறது. நீங்கள் கொடுக்காமல் விட்டிருக்கலாம், அது வேறு. அங்கே உங்கள் வீட்டை யாரும் தட்டவில்லை. இங்கே தட்டுவார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

பீகு செல்வி

மூன்று ஆம்பிளைங்க பேசிட்டீங்க. சித்தியை யாராவது கேட்டீங்களா?

வீடு அவங்களது. வந்தவனுக்குச் சோறு போட்டதும் அவங்க, ஆபீஸில் உட்கார்ந்ததும் அவங்க. தம்பி முன்னாடியே "சித்தி, இப்படி ஒரு சிக்கல் வரலாம், பரவாயில்லையா"ன்னு கேட்டிருந்தா, அவங்க சரின்னு சொல்லியிருந்தா, அப்புறம் மாமாவுக்கும் இதில் பேச்சில்லை. கேட்டியா தம்பி? அதை எழுதவே இல்லையே.

இன்னொண்ணு. போன வருஷம் என் கூட்டாளி திருச்சியிலிருந்து வந்தா. நாங்களும் சைட்டியோ போனோம். அதே லாரி, அதே நெரிசல், வளைவுக்கு வளைவு கத்தல். மேலே ஏறினதும் பாறைக்குப் போகிற வாசலில் எங்களை நிறுத்திட்டாங்க. பொண்ணுங்க பாறையைத் தொடக்கூடாது. தங்க இலையை வாங்கி, பக்கத்தில் நின்ன யாரோ ஒரு தாத்தா கையில் கொடுத்து ஒட்டச் சொன்னோம். இந்த அனுபவம் கினுபவம் எல்லாம் யாருக்கு எவ்வளவு தூரம் திறந்திருக்குன்னு எங்களுக்குத்தான் தெரியும். அதனால சட்டம் பேசுறவரையும் முழுசா நம்ப மாட்டேன், சுதந்திரம் பேசுறவரையும் முழுசா நம்ப மாட்டேன்.

மோல்மேன் பையன்

அக்கா, சித்தியிடம் கேட்டேன். "நம்ம வீட்டுக்கு வந்த புள்ளையை எவனோ வீட்டுல படுக்கச் சொல்றதா" என்று என்னைத்தான் திட்டினார்கள். ஆபீஸ் போய் வந்த அன்றைக்கு ராத்திரி போன் பண்ணினேன். அந்தப் பையனுக்குப் பொடி வறுவல் கட்டிக் கொடுக்க மறந்துட்டேன் என்பதுதான் அவர்கள் கவலை. மாமா சொல்கிற பயம் சித்திக்கு இல்லை.

தட்டோன் மாமா

வந்தவனை முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்ல எந்தத் தமிழ்ச் சித்திக்கு வாய் வரும்? அவள் சொல்ல மாட்டாள் என்பதால்தான் நீ சொல்ல வேண்டும். சோறு போடுவதற்கு லைசென்ஸ் கேட்டது யார்? ராத்திரி எட்டு மணி வரை உட்கார வைத்துப் பேசு, சாப்பிட வை, பிறகு விடுதியில் கொண்டு விடு. அந்த ஊரில் விடுதி இல்லையென்றால் பெரிய ஊருக்குப் போ. கியாய்ட்டோவிலும் மோல்மேனிலும் அறைக்குப் பஞ்சமா?

ஐராவதி கரை

வீட்டுச் சண்டையை விட்டுவிட்டு பாகனுக்கு வருகிறேன். தம்பி, உன் ஃபேஸ்புக் படம் பார்த்தேன். சூரியன் உதிக்கிறது, சிநேகிதன் ஒரு செங்கல் கோபுரத்து மாடியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருக்கிறான். அது எந்தக் கோயில்? ஏறுவதற்குத் தடை இருக்கிறதே.

2016 ஆகஸ்ட் பூகம்பத்தில் அங்கே சில நூறு கோயில்கள் அடி வாங்கின. அதற்குப் பிறகுதான் ஏறக்கூடாது என்று கெடுபிடி வந்தது. சூரியனைப் பார்க்க மண் மேடு போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். போன வருஷம்தான் யுனெஸ்கோ பட்டியலில் பாகன் சேர்ந்தது. நம் ஆட்கள் மேலே ஏறி நின்று படம் போட்டால் கேவலமாக இருக்கிறது.

மோல்மேன் பையன்

அண்ணே, ஒரு பொடியன் சைக்கிளில் வந்து "சன்ரைஸ், சன்ரைஸ்" என்று கூட்டிக்கொண்டு போனான். சாவி அவன் வீட்டில்தான் இருக்கிறது. கோயிலைக் காக்கிற குடும்பம். பாட்டி ஒருத்தி தனாக்கா மரப்பட்டைச் சாந்து பூசின முகத்தோடு வந்து பூட்டைத் திறந்தாள். உள்ளே ஆள் ஒருக்களித்துத்தான் ஏற முடிகிற படி, டார்ச் இல்லாமல் ஒன்றும் தெரியாது. காவல் குடும்பமே திறந்து விடும்போது நான் யார் தடுக்க?

ஐராவதி கரை

அந்தக் குடும்பத்துக்கு வேறு வருமானம் இல்லை, திறக்கிறார்கள். சாவி அவர்கள் கையில் இருந்தால் செங்கல் வலுவாகிவிடாது. நீ அவர்களுக்குக் காசு கொடுக்க நினைத்தால், வாசலில் விற்கிற மணல் ஓவியம் ஒன்று வாங்கு. விவகாரம் முடிந்தது.

சரி, ஏறினதை விடு. பழைய பாகனில் இருக்கிற பெருமாள் கோயில் பக்கம் போனீர்களா?

மோல்மேன் பையன்

நத்லாங் சாவுங் போனோம். பாகனில் நிற்கிற ஒரே பெருமாள் கோயில் அதுதான் என்று சொன்னேன். சுவரில் அவதார மாடங்களில் சில காலி. பத்து நிமிஷத்தில் வெளியே வந்துவிட்டான்.

ஐராவதி கரை

பத்து நிமிஷம்! இதைத்தான் சொல்ல வந்தேன். ரயில் குதித்ததைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருக்கிறாய், இதற்கு ஒரு வரி இல்லை.

பாகனுக்குத் தெற்கே மியின்கபா கிராமத்தில் 13ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்தது. மலைமண்டலத்து மகோதயர் பட்டினத்துக்காரன் ஒருவன், குலசேகர நம்பி என்று பேர், இங்கே நானாதேசி விண்ணகர் ஆழ்வார் கோயில் என்ற பெருமாள் கோயிலுக்கு ஒரு மண்டபம் கட்டி, கதவு போட்டு, விளக்கு ஒன்று எரிய வைத்ததாகத் தமிழில் வெட்டி வைத்திருக்கிறான். தொடக்கத்தில் முகுந்தமாலை சுலோகம். மகோதயர் பட்டினம் என்பது கேரளத்தில் இன்றைய கொடுங்கல்லூர். அங்கிருந்து கடல் தாண்டி, ஐராவதியில் எதிர் நீரில் ஏறி, இத்தனை தூரம் வந்திருக்கிறான். மதுரைக்காரனை அங்கே நிறுத்தி இதைச் சொல்லியிருந்தால் அவன் பத்து நிமிஷத்தில் வெளியே வந்திருப்பானா?

அம்பத்தூர் டு ரங்கூன்

இது எனக்கே தெரியாது. நானும் பாகன் போய் ஈ-பைக்கில் சுற்றிவிட்டு வந்தவன்தான்.

ஆனாலும் ஒன்று சொல்கிறேன். எல்லோரையும் கல்வெட்டுப் படிக்க வைக்க முடியாது. ரயிலில் குதிப்பதும் ஒரு அனுபவம்தான். அதை ஏன் மட்டம் தட்டுகிறீர்கள்?

பீகு செல்வி

மட்டம் தட்டலை. ஆனா உங்களை மாதிரி வெளியிலிருந்து வர்றவங்களுக்கு இந்த நாடு எவ்வளவு தூரம் சிரிச்சுப் பேசும், எந்த இடத்தில் சட்டுன்னு முகம் மாறும்னு தெரியணும். 2016இல் மாண்டலேயில் நெதர்லாந்துப் பயணி ஒருத்தர், ராத்திரி தூக்கம் கெடுதுன்னு பக்கத்து மண்டபத்தில் தர்ம போதனை ஓடிக்கிட்டிருந்த ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கினார். மூணு மாசம் ஜெயில். அதே வருஷம் பாகனில் காலில் புத்தர் பச்சை குத்தியிருந்த ஸ்பெயின்காரரை நாட்டை விட்டே அனுப்பினாங்க. வந்தவருக்கு இது தெரியலைன்னா, கூட்டிட்டுப் போறவங்க சொல்லணும். அந்தப் பொறுப்பைத்தான் மாமா கேட்கிறார். அது வரைக்கும் நான் மாமா பக்கம்.

மோல்மேன் பையன்

செருப்பைக் கழற்றுவதிலிருந்து, புத்தருக்கு முதுகு காட்டி செல்ஃபி எடுக்காதே என்பது வரை எல்லாம் சொன்னேன் அக்கா. அவன் லுங்கி கட்டிக்கொண்டு என்னை விட நல்ல பிள்ளையாக இருந்தான். மோல்மேனில் சாய்க்தன்லான் பகோடா மேலே நின்று ஆறும் தீவும் பார்த்தபோது, "இங்கே ஒரு வருஷம் இருக்கலாம்டா" என்றான். இப்படி ஒரு ஆள் நாளைக்கு ஊரில் நாலு பேரிடம் நம்மைப் பற்றி நல்லபடியாகச் சொல்வான். பர்மாத் தமிழன் என்று ஒருத்தன் இன்னும் இருக்கிறான் என்பதே அங்கே பாதிப் பேருக்குத் தெரியாது. சித்தி வீட்டில் சாப்பிட்டதால்தான் அவனுக்குத் தெரிந்தது. விடுதி அறையில் அது தெரியாது. அதனால் நான் செய்தது தப்பு என்று இப்பவும் சொல்ல மாட்டேன்.

தட்டோன் மாமா

மோல்மேன் வரை போனாய். தன்பியூசயாட் போனாயா?

மோல்மேன் பையன்

இல்லை மாமா. நேரம் இல்லை.

தட்டோன் மாமா

மோல்மேனிலிருந்து காலையில் கிளம்பினால் சாயங்காலம் திரும்பலாம். பீலு தீவுக்கு நேரம் இருந்தது, கடற்கரைக்கு நேரம் இருந்தது, படம் எல்லாம் பார்த்தேன்.

இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரர்கள் சயாமிலிருந்து போட்ட மரண ரயில் அங்கேதான் வந்து முடிந்தது. 1942இலிருந்து 1943 வரை, 415 கிலோமீட்டர். மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து தமிழர்களை ஆயிரம் ஆயிரமாகப் பிடித்துக் கொண்டு வந்து காட்டில் விட்டார்கள். காலராவிலும் பட்டினியிலும் செத்தவர்களுக்குக் கணக்கே சரியாக இல்லை. தன்பியூசயாட்டில் யுத்தக் கல்லறை இருக்கிறது. புல் வெட்டி, பூச்செடி வைத்து, வரிசை வரிசையாகப் பேர் பொறித்த கல். 3,100க்கும் மேல் காமன்வெல்த் சிப்பாய்கள், 600க்கும் மேல் டச்சுக்காரர்கள். நம் கூலி ஆட்களுக்கு அப்படி வரிசை இல்லை. ஒரு மதுரைக்காரனுக்கு இந்த நாட்டில் காட்ட வேண்டிய முதல் இடம் அது என்பேன். பர்மாத் தமிழன் இருக்கிறான் என்று தெரிய வைக்க சித்தி வீட்டுக் கட்டில் வேண்டியதில்லை.

அம்பத்தூர் டு ரங்கூன்

மாமா, லீவில் வருகிறவனை முதலில் கல்லறைக்கா கூட்டிப் போவது? அவன் நாலு நாள் சந்தோஷமாக இருக்க வந்தவன்.

தட்டோன் மாமா

இருக்கட்டும். அரை நாள் போதும் என்றுதான் சொல்கிறேன். சைட்டியோ லாரிக்காகக் காத்துக் கிடந்த நேரம் அது.

மோல்மேன் பையன்

மாமா, தமிழ்ப் புத்தாண்டு லீவுக்கு அவன் மறுபடி வருவதாகச் சொல்கிறான். இங்கே திங்யான் தண்ணீர்த் திருவிழாக் கூட்டத்தில் பஸ் கிடைப்பதே கஷ்டம், இருந்தாலும் தன்பியூசயாட் கூட்டிக்கொண்டு போகிறேன். ஆனால் சித்தி அதற்குள் அவனுக்குப் பாய் தட்டி வைத்துவிட்டார்கள். நீங்களே பேசிப் பாருங்கள்.

பீகு செல்வி

சித்தி நம்பரை எனக்கு அனுப்பு. மாமா பேசினா சண்டைதான் வரும்.

தட்டோன் மாமா

நான் யாரோடும் சண்டை போடவில்லை. தம்பி, அந்தப் பையனோடு தட்டோனில் இறங்கு. லைசென்ஸ் உள்ள விடுதி எது என்று நானே பார்த்துச் சொல்கிறேன். காலையிலிருந்து ராத்திரி வரை மூன்று வேளைச் சோறும் என் வீட்டில். படுக்கை மட்டும் கிடையாது.