ஃபேண்டஸி ஃபுட்பால் ட்ராஃப்ட் அன்று நடந்து இன்னும் மனதை விட்டுப் போகாத ஒன்று: எழுதுங்கள்

பிளேனோவாசி:
2019 ஆகஸ்ட் 24, சனிக்கிழமை ராத்திரி. ஃபேண்டஸி (நிஜ என்எஃப்எல் அமெரிக்க ஃபுட்பால் வீரர்களை ட்ராஃப்டில் முறைவைத்து எடுத்து, அவர்கள் ஆட்டத்தில் செய்வதற்கு நாம் பாயிண்ட் வாங்குவது) ஆடுகிறவர்களுக்கு அது என்ன நாள் என்று சொல்லத் தேவையில்லை. பன்னிரண்டு டீம் லீக், நண்பர் வீட்டு கராஜ், சுவரில் பெரிய அட்டை, பிளேயர் பெயர் போட்ட ஸ்டிக்கரை ஒவ்வொருவராகப் போய் ஒட்டுவோம், பொசிஷனுக்கு ஒரு நிறம். எட்டாவது ரவுண்டில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் க்யூபி (குவார்டர்பேக், பாஸ் எறிகிறவர்) ஆண்ட்ரூ லக்கை எடுத்தார். கெண்டைக்கால் வலி, கணுக்கால் வலி என்று அந்த மாதம் முழுக்கச் செய்தி வந்ததால் மற்றவர்கள் தொடாமல் விட்டிருந்தார்கள், அந்த ரவுண்டுக்கு நல்ல பிக் என்றுதான் எல்லோருக்கும் பட்டது. ஸ்டிக்கரின் ஒரு மூலை ஒட்டாமல் எழும்பி நின்றது, அதைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டிருக்கிறார், அறையில் ஒவ்வொரு ஃபோனாக அடிக்க ஆரம்பித்தது. லக் ஓய்வு பெறுகிறார். வயது 29. இண்டியானாபோலிஸில் பயிற்சி ஆட்டம் அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது, மைதானத்தை விட்டுப் போகும்போது சொந்த ஊர் ரசிகர்களே கூச்சல் போட்டார்கள்.

அடுத்தவர் இன்னும் எடுக்கவில்லை. இவர் மாற்றிக்கொள்கிறேன் என்று கேட்டார். "ஒட்டினது ஒட்டினதுதான்" என்று எங்கள் லீக்கை நடத்தும் கமிஷனர் சொல்லிவிட்டார். பிறகு இவர் 11-வது ரவுண்டில் இன்னொரு க்யூபி லமார் ஜாக்சனை எடுத்தார், அந்த வருஷம் லமார் என்ன செய்தார் என்று தெரியும்: 36 டச்டவுன் (மைதானக் கடைசியில் உள்ள எண்ட் ஸோனுக்குள் பந்து போவது) பாஸ், ஓடியே 1,206 யார்டு, சீசனின் சிறந்த வீரருக்கான எம்விபி. இருந்தாலும் அந்தத் தீர்ப்பு தப்பு என்றுதான் இன்றும் சொல்வேன். அடுத்த பிக் விழாத வரை திருப்பித் தருவதில் யாருக்கு என்ன நஷ்டம்?

எடிசன்காரன்:
பிளேனோ நண்பரே, கமிஷனர் சொன்னதுதான் சரி. பிக் பண்ணியாச்சு என்றால் பண்ணியாச்சு, இல்லாவிட்டால் ஒவ்வொரு செய்திக்கும் ஒருவர் கை தூக்குவார். அப்புறம், உங்கள் கதையைப் படித்துவிட்டு "பார், க்யூபியைக் கடைசியில் எடுத்தால் போதும்" என்று யாராவது கிளம்புவார்கள், அதற்குத்தான் இதை எழுதுகிறேன்.

2023. என்னிடம் ஈகிள்ஸ் ஆர்பி (ரன்னிங் பேக், பந்தை வாங்கி ஓடுகிறவர்) டி'ஆண்ட்ரே ஸ்விஃப்ட். பிளேஆஃபில் எதிராளியிடம் அதே ஈகிள்ஸின் க்யூபி ஜேலன் ஹர்ட்ஸ். ஸ்விஃப்ட் பந்தை வாங்கி இரண்டு பேரைக் கடந்து ஓடி எண்ட் ஸோனுக்கு ஒரு யார்டு முன்னால் விழுகிறார். நான் சோபாவிலிருந்து எழுந்தே விட்டேன். அடுத்த ப்ளே என்ன என்று ஈகிள்ஸ் பார்த்தவர்கள் எல்லோருக்கும் தெரியும்: ஹர்ட்ஸ் பந்தைக் கொடுக்கும் சென்டரின் முதுகோடு ஒட்டிக் குனிகிறார், பின்னாலிருந்து இரண்டு பேர் தள்ளுகிறார்கள், ஆறு பாயிண்ட் அந்தப் பக்கம் போயாச்சு. என் ஆள் ஓடி ஓடிக் கொண்டுவந்து கொடுத்ததை அவர் ஆள் வாங்கிக்கொண்டார். அந்த சீசனில் ஹர்ட்ஸ் இப்படி ஓடியே 15 டச்டவுன், ஸ்விஃப்டுக்கு 5.

பெரும்பாலான லீக்குகளில் பாஸுக்கு 25 யார்டுக்கு ஒரு பாயிண்ட், ஓட்டத்துக்குப் பத்து யார்டுக்கே ஒன்று. பாஸ் டச்டவுனுக்கு நாலு, ஓடிப் போட்டால் ஆறு. ஓடுகிற க்யூபி என்றால் பாதி ஆர்பியையும் சேர்த்து எடுத்த மாதிரி. பத்தாவது ரவுண்டு வரை பொறுத்திரு என்பது க்யூபி எல்லாம் ஓடாமல் பாக்கெட்டில், தடுப்பாளர்களுக்குப் பின்னால், நின்றுகொண்டே ஆடிய காலத்துப் பேச்சு. நாலு, ஐந்தாவது ரவுண்டில் ஓடுகிறவர் ஒருவர் மிச்சமிருந்தால் நான் யோசிக்கவே மாட்டேன்.

ஃப்ரீமாண்ட் பையன்:
2024, எனக்கு முதல் பிக்: ஃபார்ட்டிநைனர்ஸ் ஆர்பி மெக்காஃப்ரி. பன்னிரண்டு பேரில் யாருக்கு அந்த பிக் வந்திருந்தாலும் அவரைத்தான் எடுத்திருப்பார்கள். முதல் வாரம் திங்கட்கிழமை ராத்திரி ஆட்டம், ஜெட்ஸ் இங்கே சான்டா கிளாராவுக்கு வருகிறது. அன்றைக்குத்தான் அவர் இறங்கவில்லை என்று தெரிந்தது. ஞாயிறு ஆட்டங்கள் எல்லாம் முடிந்துவிட்டன, பெஞ்சில் இருக்கும் ஆர்பி எல்லாம் ஆடி முடித்தவர்கள், பதிலுக்கு வைக்க ஆளே இல்லை.

மெக்காஃப்ரிக்குப் பதில் ஓடும் ஜார்டன் மேசன் எங்கள் ஆபீஸ் க்யூஏ டீம் அக்காவிடம் இருந்தார். அதே டீமின் இன்னொரு ஆர்பி இலைஜா மிட்செல் காயத்தில் சீசன் முழுக்க அவுட் என்றதும் அக்கா கடைசி ரவுண்டில் மேசனை அமைதியாக எடுத்து வைத்திருந்தார். ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது அவரிடமிருந்து மெசேஜ்: "மேசன் வேணுமாப்பா? உன் ரெண்டாவது ரவுண்டு ரிசீவரைக் கொடு." ரிசீவர் என்றால் பாஸ் பிடிக்கிறவர். நான் ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு காரிலேயே உட்கார்ந்திருந்தேன். கொடுக்கவில்லை. மேசன் அன்றைக்கு 28 தடவை ஓடி 147 யார்டு, ஒரு டச்டவுன். மெக்காஃப்ரி திரும்பி வந்தது பத்தாவது வாரம், அந்த சீசன் முழுக்க ஆடியதே நாலு ஆட்டம். சரி, ஆனால் மேசனும் முதல் ஐந்தாறு வாரத்துக்கு அப்புறம் அடங்கிவிட்டார், அந்த ரிசீவர் டிசம்பர் வரை எனக்குச் சோறு போட்டார். அக்கா கேட்டது நியாயமான விலையா இல்லையா என்று இன்னும் மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கிறேன்.

கொலம்பஸ் தோழி:
ஸ்னேக் ட்ராஃப்டில் (ரவுண்டுக்கு ரவுண்டு வரிசை தலைகீழாகத் திரும்பும்) பன்னிரண்டாவது இடம். அதே 2024. 12, 13 இரண்டும் எனக்கு, அப்புறம் 36 வரை வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். பார்க்லியும் கிப்ஸும் எடுத்தேன், இரண்டும் ஆர்பி. "முதல் ரவுண்டில் ஆர்பி எடுக்கிற காலமெல்லாம் போயாச்சு" என்று சாட்டில் ஒருவர். பார்க்லி ஜயன்ட்ஸ் விட்டுக்கொடுத்த ஆள், அடிக்கடி காயம் என்று இன்னொருவர்.

அது பரவாயில்லை. எனக்கு மறக்காதது அடுத்து வந்த 22 பிக். எட்டு ரிசீவரை வரிசையாக க்யூவில் போட்டு வைத்திருந்தேன், இரண்டு பேராவது மிஞ்சுவார்கள் என்ற நம்பிக்கையில். திரையில் மேலிருந்து ஒவ்வொரு பெயராகக் காணாமல் போகிறது. எட்டு, ஆறு, மூன்று. 33-வது பிக்கில் க்யூ காலி. முப்பத்தாறு வருவதற்குள் புதிதாக ஒரு பட்டியல் மனசுக்குள் போட வேண்டும், கை ஜில்லென்று ஆகிவிட்டது. ரிசீவர் மாலிக் நேபர்ஸ், ஒரு ஆட்டம்கூட ஆடாத புதுப் பையன், ஜயன்ட்ஸ் க்யூபியை நம்பி யாரும் எடுக்கத் துணியவில்லை. எடுத்தேன். 109 கேட்ச். பார்க்லி 2,005 யார்டு என்பதை ஊரே பேசியது, எனக்கு அந்த நேபர்ஸ் நொடிதான் பெரிது.

ஞாயிறு ஒரு மணி:
என் கதை சின்னது. 2023 முதல் வாரம் ரிசீவர் பூக்கா நக்குவா 119 யார்டு, வேவரில் (யாரும் எடுக்காத வீரர்களை வரிசைப்படி கேட்டு வாங்கும் முறை) அவருக்காக நான் போட்ட கோரிக்கை ஒரு இடத்தில் தவறியது, வரிசையில் எனக்கு முந்தினவருக்குப் போய்விட்டார். ஐந்தாவது ரவுண்டில், 177-வதாக என்எஃப்எல் எடுத்த பையன், 105 கேட்ச், 1,486 யார்டு, இரண்டுமே அப்போது அறிமுக சீசன் சாதனை. புதன்கிழமை காலை அந்தத் திரையைப் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

ஆனால் மேலே எழுதினவர்கள் எல்லோரும் ரவுண்டு, ரவுண்டு என்று பேசுவதால் சிலது சொல்ல வேண்டும். முதலில் லீக் விதியைப் படியுங்கள். கேட்சுக்கு முழு பாயிண்டா, அரையா, ஒன்றுமே இல்லையா? முழு பாயிண்ட் என்றால் ரிசீவர் விலை ஏறும், இல்லையென்றால் டெரிக் ஹென்றி மாதிரி ஓடியே பாயிண்ட் எடுக்கும் ஆர்பி ஆட்கள் மேலே வருவார்கள். இரண்டு க்யூபி வைக்கலாம் என்று விதி இருந்தால் நாம் இங்கே பேசுவது எதுவும் செல்லாது, முதல் ரவுண்டிலேயே க்யூபி போய்விடும். அப்புறம் வரிசை எண் பார்க்காதீர்கள், பிளேயர்களை அடுக்கு அடுக்காகப் பிரியுங்கள். ஒரே தரத்தில் ஐந்து ரிசீவர் இருக்கிறார்கள், அதே தரத்தில் ஆர்பி ஒருவர்தான் மிச்சம் என்றால் அந்த ஆர்பிதான் உங்கள் பிக், ரவுண்டு எதுவானாலும். டைட் எண்ட் (தடுக்கவும் செய்வார், பாஸும் பிடிப்பார்) விஷயத்தில் அரைகுறையாக நடுவில் மாட்டிக்கொள்ளாதீர்கள். கெல்ஸி 2022-ல் 110 கேட்ச், 1,338 யார்டு, 12 டச்டவுன் என்று ஆடினார், அப்படி ஒருவர் கிடைத்தால் சீக்கிரம் எடுங்கள், இல்லையென்றால் கடைசி வரை விடுங்கள். ப்ராக் பவர்ஸ் மாதிரி ஒரு புதுப் பையன் 112 கேட்ச் பிடிக்கும் வருஷமும் வரும். கிக்கர், டிஃபென்ஸ் கடைசி இரண்டு ரவுண்டு, அதற்கு முன்னால் கூடவே கூடாது. எட்டாவது ரவுண்டில் கிக்கர் எடுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு வலிக்கிறது, அங்கேதான் பிப்ரவரி இறுதிப் போட்டி வரை ஆடும் டீமின் இரண்டாவது ஆர்பி உட்கார்ந்திருப்பார். நடு ரவுண்டுகளில் பை வீக் (டீமுக்கு ஆட்டம் இல்லாத வாரம்) பார்த்து நல்ல பிளேயரைத் தள்ளாதீர்கள். கொலம்பஸ் தோழி, ஓரத்தில் இருக்கிறவர் பக்கத்து டீமையும் பார்க்க வேண்டும், 11-வது இடத்துக்காரர் க்யூபி எடுத்துவிட்டாரா என்று தெரிந்தால் உங்களுக்கு அவசரமே இல்லை.

பிளேனோவாசி:
எடிசன் அண்ணா, "ஒவ்வொரு செய்திக்கும்" இல்லை. ஓய்வு வேறு, காயம் வேறு. காயம் என்றால் நானும் கமிஷனர் பக்கம்தான்.

கொலம்பஸ் தோழி:
ஞாயிறு சார், நான் ஆலோசனை கேட்கவில்லை, ஆனாலும் ஒன்று சொல்கிறேன். பக்கத்து டீமைப் பார்ப்பது 11-ல் இருக்கிறவருக்குத்தான் உதவும். அவர் எடுத்த பிறகு நான் இரண்டு எடுக்கிறேன், அப்புறம் அவர் ஒன்று, ஆகவே என்னிடம் என்ன இல்லை என்று பார்த்து அவர் காத்திருக்கலாம். எனக்கு அடுத்த முறை வருவதற்குள் பதினோரு டீமும் ஆளுக்கு இரண்டு எடுத்துவிடும், அதில் யாரை என்று பார்ப்பது? ஓரத்தில் உட்கார்ந்தவர் ஒரு பொசிஷன் வற்றுவதற்கு ஒரு சுற்று முன்னாலேயே எடுத்தாக வேண்டும், சீக்கிரம் எடுத்துவிட்டாய் என்று சாட்டில் யார் சொன்னாலும் சரி. அடுத்த தடவை 13-ல் ரிசீவர் எடுப்பதா, இல்லை மறுபடி இரண்டு ஆர்பியா என்று இப்போதே யோசித்துக்கொண்டிருக்கிறேன். 12-ல் இருந்து ஆடினவர்கள் யாராவது இருந்தால் 36, 37-ல் உங்களுக்கு யார் மிஞ்சினார்கள் என்று மட்டும் எழுதுங்கள்.