பயறுல செஞ்ச சீரியல் சாப்ட்டுப் பாத்தவங்க இருக்கீங்களா? எங்க வீட்ல நடந்தது இது

ப்ளானோ மருமக:

ரெண்டு மாசமா எழுதணும்னு இருந்தேன், இன்னைக்குதான் டைம் கெடச்சுது. நாங்க டெக்சாஸ்ல ப்ளானோல இருக்கோம், சொந்த ஊரு அருப்புக்கோட்டை. பெரியவனுக்கு 9 வயசு, சின்னவளுக்கு 6. காலைல 7:10க்கு ஸ்கூல் பஸ், இட்லி வெச்சா ரெண்டும் தட்டைப் பிடிச்சுக்கிட்டு சுவத்தைப் பாக்கும், சீரியல் ஊத்திக் குடுத்தா மூணு நிமிஷத்துல காலி, அதனால நானும் கண்டுக்காம விட்டுட்டேன். போன செக்கப்புல டாக்டரம்மா காலைல என்ன குடுக்குறீங்கன்னு கேட்டாங்க, சொன்னேன், டப்பாவைத் திருப்பிப் பாருங்கன்னு அவ்வளவுதான் சொன்னாங்க. வீட்டுக்கு வந்து பாத்தா ஒரு வேளைக்கு சர்க்கரை 12 கிராம், புரோட்டீன் 2 கிராம். அதுலயும் அவங்க சொல்ற ஒரு வேளைன்னா ஒரு கப்பு, என் பையன் கவுத்துறது ரெண்டு கப்புக்கு மேல இருக்கும்.

சரின்னு கடைல போய் பயறு பருப்புல செஞ்சதுன்னு போட்டிருந்த டப்பாவா பாத்து நாலு வாங்கிட்டு வந்தேன். கம்பெனி பேரெல்லாம் வேணாம். முதல் டப்பா கொண்டக்கடலை, பட்டாணி புரோட்டீன், மரவள்ளி ஸ்டார்ச் சேத்த வளையம், முக்கா கப்பு 35 கிராம், அதுல சர்க்கரை 3, புரோட்டீன் 8. ரெண்டாவது அதே வளையம், சர்க்கரையே கிடையாது. மூணாவதுல நேவி பீன்ஸ், மசூர் மாதிரி பருப்பு, கொண்டக்கடலை மூணும் கலந்திருக்கு. நேவி பீன்ஸ்னா வெள்ளையா சின்னதா இருக்கும், அந்தக் காலத்துல அமெரிக்க கப்பல்படைல அதையே போட்டு போட்டு அந்தப் பேரு வந்துச்சாம். நாலாவது கொண்டக்கடலைல கொக்கோ போட்டது.

பேரைப் பாத்து மார்க் போடக்கூடாதுன்னு டப்பாவையெல்லாம் வாஷிங் மெஷின் பின்னாடி ஒளிச்சு வெச்சுட்டு அஞ்சு எவர்சில்வர் டம்ளர்ல கொட்டி டேப் ஒட்டி நம்பர் எழுதினேன், அஞ்சாவது எப்பவும் வாங்குற ஓட்ஸ் வளையம். ஜட்ஜு நாலு பேர், நான், ரெண்டு பிள்ளைங்க, அப்புறம் ஊர்லேர்ந்து ஆறு மாசத்துக்கு வந்திருக்கிற எங்க அத்தை, அதாவது வீட்டுக்காரரோட அம்மா. வீட்டுக்காரர் மீட்டிங்னு சொல்லிட்டு மாடிக்குப் போயிட்டார்.

முதல்ல பால் ஊத்தாம. ஒண்ணாம் நம்பர் வாயில போட்டதும் இனிப்பு, நல்லா கடக்குனு இருக்கு, பரவாயில்லையேன்னு நெனைக்கிறதுக்குள்ள தொண்டைகிட்ட போறப்ப ஒரு ருசி வரும் பாருங்க, பஜ்ஜி மாவு கரைச்ச விரலை நக்கினா எப்படி இருக்கும், அது. அத்தை ஒரு வளையத்தை எடுத்து மோந்து பாத்துட்டு, "ஏத்தா இது கடலமாவுல்ல, எண்ணெயில போடாம ஏன் குடுக்குற"ன்னாங்க. டப்பாவைப் பாக்கல, லிஸ்ட்டைப் படிக்கல, ஒரே மோப்பத்துல சொல்லிட்டாங்க. மூணாம் நம்பர் வாசனை கம்மி ஆனா கடைசில நாக்குல மாவு மாவா ஒட்டுது.

அடுத்து பால். இங்கதான் எல்லாம் மாறிடுச்சு. ரெண்டாம் நம்பர்ல குளிர்ந்த பால் ஊத்தின உடனே ராத்திரி ஊறப்போட்ட சுண்டல் தண்ணிய காலைல வடிக்கிறப்ப ஒரு வாசம் அடிக்குமே, டம்ளர்லேர்ந்து அதே வாசம். சின்னவ மூக்கைப் பிடிச்சுக்கிட்டு ஓடிட்டா. மூணாம் நம்பர்ல அஞ்சு நிமிஷத்துல பால் கழுவின அரிசித் தண்ணி கலருக்கு வந்துருச்சு, அடியில ஒரு ஸ்பூன் வண்டல். ஒரு விஷயம் நேர்மையா சொல்லணும், ஓட்ஸ் வளையம் ஊறி பஞ்சாயிட்டப்பவும் கடலை வளையம் கடக்குனே நின்னுச்சு, அதுல ஓட்ஸை அடிச்சிருச்சு.

பெரியவன் கணக்கு நோட்டுல போட்ட மார்க் பத்துக்கு: ஒண்ணு 6, ரெண்டு 1, மூணு 3, நாலு 8, ஓட்ஸ் 7. நாலாவதுக்கு ஏன் 8ன்னா கொக்கோ அந்தக் கடலமாவு வாசனையை அமுக்கிடுது, அவ்வளவுதான். உங்க அனுபவம் என்ன? மிச்சம் மூணு டப்பா அப்படியே நிக்குது, தூக்கிப் போட மனசு வரல.

ராத்திரி ஷிஃப்ட்:

சீரியல்னு தலைப்பப் பாத்து எந்த சேனல்னு கேக்க வந்தேன் 😀 வந்ததுக்கு ஒரு கேள்வி, டப்பா எவ்ளோ?

ப்ளானோ மருமக:

எட்டு டாலர் கிட்ட. உள்ள கால் கிலோ கூட இல்ல. அத்தைகிட்ட ரூபால சொல்லல, சொன்னா அடுத்த ஃப்ளைட்டுக்கே டிக்கெட் போடச் சொல்வாங்க.

கோவை கொள்ளு:

நானுங்க போன வருசம் இதே மாதிரி மாட்டுனேன். இளைச்சவனுக்கு எள்ளு கொழுத்தவனுக்கு கொள்ளுன்னு சொல்வாங்கல்ல, நான் ரெண்டாவது ரகம், 94 கிலோ. ஆர்கானிக் கடைல கொள்ளு அவல்னு பாக்கெட்ல வெச்சிருந்தாங்க, கொள்ளை வேகவெச்சு தட்டையா அமுக்கி காயவெச்சது, காலைல பால்ல போட்டு சாப்புடுங்க, பத்தே நாள்ல ரிசல்ட்டுன்னு கடைக்காரர் சொன்னாருங்க. நாங்க கொள்ளுப்பருப்பு கொள்ளுரசம்னே வளந்த ஆளுங்க, கொள்ளுன்னா பயமே இல்ல, ஆனா பால்லயும் வெல்லத்துலயும் கொள்ளு வாசம் வந்ததும் என்னமோ ரசத்துல சர்க்கரை விழுந்துட்ட மாதிரி ஆயிப்போச்சுங்க. மூணு வாய்க்கு மேல எறங்கல. எங்க அம்மிணி அதை வீணாக்காம கெட்டி மோர்ல அஞ்சு நிமிசம் ஊறவெச்சு, சின்ன வெங்காயம் பச்சமொளகா கொத்தமல்லி கிள்ளிப்போட்டு ஒரு கல்லு உப்பு போட்டு குடுத்தா, அட அட, இன்னைக்கு வரைக்கும் வாரத்துல மூணு நாள் அதுதானுங்க. கிலோ ஒண்ணும் பெருசா எறங்கல, அது வேற கதை. பால்ல தப்பு இல்ல, கொள்ளுலயும் தப்பு இல்ல, ரெண்டும் ஒண்ணா சேர்றதுலதான் தப்பு.

பெங்களூர் பேச்சிலர்:

அண்ணா அக்கா எல்லாரும் என்னை மாதிரி பண்ணிடாதீங்க. யூட்யூப்ல பீன்ஸ் கிரானோலா பாத்துட்டு நானும் ரூம்மேட்டும் வீட்லயே செய்யலாம்னு இறங்கினோம். வீடியோல வேகவெச்ச பீன்ஸ் போட்டிருப்பாங்க போல, நாங்க அதை ஃபார்வர்ட் பண்ணிட்டோம். பச்சை ராஜ்மாவை அப்படியே மிக்ஸில அரைச்சு, வெல்லம் தேங்காய் எண்ணெய் போட்டுப் பிசைஞ்சு, சத்து போயிடக்கூடாதுன்னு ஓடிஜின்னு சின்ன கரண்ட் அவன் இருக்குல்ல, அதுல 100 டிகிரில மெதுவா ஒரு மணி நேரம் வெச்சோம். பாக்க சூப்பரா இருந்துச்சு, ருசி கொஞ்சம் பச்சையா இருந்தாலும் ஹெல்த்தின்னா இப்படித்தான்டா இருக்கும்னு ஆளுக்கு ஒரு கிண்ணம் அடிச்சோம். ரெண்டு மணி நேரம்தான், ஒருத்தன் பாத்ரூம்ல, ஒருத்தன் சிங்க்ல. ஆஃபீஸ்ல ரெண்டு பேரும் ஒரே நாள்ல லீவு போட்டதுக்கு மேனேஜர் நம்பவே இல்ல.

டாக்டர்தான் சொன்னார், ராஜ்மால ஃபைட்டோஹீமாக்ளூட்டினின்னு ஒரு லெக்டின், அதாவது வயித்தைக் கெடுக்கிற ஒரு வகை புரோட்டீன் இருக்கு, சிவப்பு ராஜ்மாலதான் ரொம்ப ஜாஸ்தி, அஞ்சு மணி நேரமாவது ஊறவெச்சு அந்தத் தண்ணியக் கொட்டிட்டு புதுத் தண்ணில அரை மணி நேரம் தளதளன்னு கொதிக்கவெச்சாதான் அது போகும், நாங்க வெச்ச மாதிரி மந்தச் சூட்டுல போகவே போகாதாம். கடைல விக்கிறது முழுசா வெந்து வர்றது, அதுல இந்த பயம் இல்ல. வீட்ல செய்றவங்க கவனம்.

மாவு மிஷின்:

நான் தஞ்சாவூர்ல ஃபுட் ப்ராசசிங் படிச்சுட்டு இப்ப ஒரு ஸ்நாக்ஸ் ஃபேக்டரில எக்ஸ்ட்ரூடர், அதாவது மாவை நெரிச்சு அச்சு வழியா தள்ளுற மெஷின் ஓட்டுறேன், பேரு கேக்காதீங்க. ப்ளானோ அக்கா எழுதினதுல ரெண்டு மூணு விஷயம் எங்க லைன்ல தினமும் பாக்குறது.

அந்த வளையம் பொங்குறது எப்படின்னா, மாவுல லேசா ஈரம் காட்டி உள்ள விடுவோம், ஸ்க்ரூ அதை நெரிச்சுத் தள்ளும், உள்ள 130, 140 டிகிரி வரைக்கும் போகும், பிரஷர் இருக்கிறதால தண்ணி ஆவியாக முடியாம அடங்கிக் கெடக்கும், அச்சு வாசல்ல வெளிய வந்த நொடில எல்லாம் ஒரேயடியா ஆவியாகி மாவை ஊதிவிட்டுட்டு போயிடும். சோளம், அரிசின்னா ஸ்டார்ச் அதிகம், பலூன் மாதிரி ஊதும். பயறு மாவுல புரோட்டீனும் நாரும் ஜாஸ்தி, ஊத விடாது, கல்லு மாதிரி வரும். அதனாலதான் மரவள்ளி ஸ்டார்ச் சேக்குறாங்க. அப்பவும் கொஞ்சம் நெருக்கமாத்தான் இருக்கும், பால்ல சீக்கிரம் ஊறாம நின்னதுக்கு காரணம் அதுதான்.

அடுத்து அந்த புரோட்டீன் 8. காஞ்ச கொண்டக்கடலை 100 கிராம்ல புரோட்டீன் 20 கிராம் சுமாரா இருக்கும், அப்ப 35 கிராமும் முழுக்க கடலையா இருந்தாலே 7தான் வரும். இதுல மரவள்ளி வேற கலந்திருக்கு, அதுல புரோட்டீனே கிடையாதுன்னு வெச்சுக்கலாம். மிச்சத்தைத் தூக்கிக் குடுக்குறது தனியா போட்ட பட்டாணி புரோட்டீன். அது தப்புன்னு சொல்லல, கடலை படம் பெருசா போட்டிருக்குன்னு எல்லாம் கடலைன்னு நெனைக்க வேணாம்னு சொல்றேன்.

அப்புறம் அந்த வாசனை. பயறை உடைச்சு ஈரம் பட்டுச்சுன்னா லிப்பாக்சிஜனேஸ்னு ஒரு என்சைம் அதுல இருக்கிற எண்ணெய்ச்சத்தைப் புடிச்சு ஹெக்சனல் மாதிரி சமாச்சாரங்களைக் கிளப்பிவிடும், புல்லு வெட்டின வாடை, பச்சை வாடை, சோயா பால்ல வர்றதும் அதே பங்காளிதான். சூடு காட்டி அந்த என்சைமை முன்னாடியே கொன்னுட்டு அப்புறம் அரைச்சா பாதிக்கு மேல அடங்கும். வீட்ல சத்துமாவுக்கு பயறை வாசம் வர்ற வரைக்கும் வறுத்துட்டுதானே அரைக்கிறோம், அதே வேலை. சூடான எண்ணெயும் மசாலாவும் மிச்சத்தை அமுக்கிடும். குளிர்ந்த பால் எதையும் அமுக்காது, உள்ள இருக்கிறதை அப்படியே காட்டிக் குடுக்கும்.

வவுனியாப் பிள்ளை:

நீங்கள் எல்லாரும் பெட்டியில வாங்கிச் சாப்பிட்டதை எழுதுறியள். எங்கட நாட்டில கன பேர் சின்னனில சாப்பிட்ட முதல் அவரையினச் சீரியல் எண்டா திரிபோஷாதான். சோளமும் சோயாவும் அரைச்சு விற்றமின் சேர்த்த மா, 1973ல தொடங்கினது, கிளினிக்கில கர்ப்பிணித் தாய்மாருக்கும் பால் குடுக்கிற அம்மாமாருக்கும் நிறை குறைஞ்ச பிள்ளையளுக்கும் இலவசமாக் குடுப்பினம். ஏற்கெனவே வெந்த மா, அடுப்பு தேவையில்லை.

தங்கச்சிக்குக் குடுத்த பக்கெற்றை நான்தான் களவாச் சாப்பிடுவன். கரண்டியால அள்ளி அப்பிடியே வாய்க்குள்ள போட்டா மேலண்ணத்தில போய் ஒட்டும், சிரிச்சா மூக்கால தூள் வரும், அதாலதான் ஒருநாள் பிடிபட்டன். அம்மா ஒழுங்காச் செய்தா கொஞ்சம் சுடுதண்ணி தெளிச்சு, அப்பவே திருவின தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டுக் குழைச்சு உருண்டை பிடிச்சுத் தருவா. சோயா மணம் எண்டு ஒண்டு இருக்கெண்டே எனக்குத் தெரியாது, பிறகு பெரிய வகுப்பில சோயாப் பால் குடிச்ச நேரந்தான் அட இது அந்த மணமெல்லோ எண்டு பிடிபட்டது. தேங்காய்ப்பூ அவ்வளவையும் மூடிப்போட்டுது போல. பால் விட்டுக் கரைச்சுக் குடிக்கிற ஆக்களும் இருக்கினம், சுடுபால்.

பழைய சோறு:

எல்லாம் நம்ம பாட்டி காலத்துலயே இருந்ததுதான். இப்ப டப்பால போட்டு எட்டு டாலருக்கு விக்கிறான், நாம வாங்குறோம்.

ப்ளானோ மருமக:

பழைய சோறு அண்ணா, கோவிச்சுக்காதீங்க, இதை நான் ஒத்துக்க மாட்டேன். எங்க பாட்டி சுண்டல் செஞ்சாங்க, பாசிப்பருப்பு கஞ்சி வெல்லம் போட்டு சூடா குடுத்தாங்க, பொட்டுக்கடலையும் சர்க்கரையும் இடிச்சுக் குடுத்தாங்க. ஃப்ரிட்ஜ் பாலை கடலைமேல ஊத்தி யாருக்கும் குடுக்கல. இருந்திருந்தா அப்பவே வேணாம்னு விட்டிருப்பாங்க!

இப்ப அப்டேட். கோவை அண்ணன் எழுதினதையும் மாவு மிஷின் தம்பி எழுதினதையும் அத்தைக்குப் படிச்சுக் காட்டினேன். தம்பி சொன்ன என்சைம் கதைய பாதிலயே நிறுத்திட்டு, "அதான் அன்னைக்கே சொன்னேன்ல எண்ணெயில போடுன்னு"ன்னு எந்திரிச்சுப் போயிட்டாங்க. இரும்புச்சட்டில ரெண்டு ஸ்பூன் நல்லெண்ணெய், கடுகு, தோலோட நசுக்கின பூண்டு நாலு பல்லு, கறிவேப்பில மொறுமொறுன்னு வந்ததும் அடுப்பைக் குறைச்சுட்டு மிளகாத்தூள், மஞ்சத்தூள், உப்பு, அதுமேல சர்க்கரை இல்லாத அந்த ரெண்டாம் நம்பர் டப்பா முழுசும், ஒரு கைப்பிடி நிலக்கடலை. நாலே நிமிஷம். கரண்டிய ஆழமா விட்டா ஓட்டைக்குள்ள மாட்டி ஒடையுதுன்னு சட்டியவே பிடிச்சுக் குலுக்கினாங்க. வளையத்து ஓட்டைக்குள்ள எல்லாம் மிளகாத்தூள் போய் உக்காந்திருந்துச்சு, எடுத்துப் பாக்கவே அழகா இருந்துச்சு. மாடில மீட்டிங்ல இருந்தவர் வாசனைக்கு இறங்கி வந்துட்டார்.

ஆனா அது காலை சாப்பாடு ஆகல, சாயங்காலம் டீக்குப் போயிடுச்சு. பஸ்ஸு 7:10 பிரச்சனை அப்படியேதான் இருக்கு. மூணாம் நம்பரை கெட்டித் தயிர்ல போட்டு உப்பு, சீரகப்பொடி தூவிப் பாத்தேன், நான் சாப்பிடுவேன், பெரியவன் பாதி, சின்னவ தொடல. ஒண்ணாம் நம்பரைத்தான் இப்ப ஓட்ஸ் வளையத்தோட பாதிக்குப் பாதி கலந்து குடுத்துட்டு இருக்கேன், ஒரு வாரமா யாரும் கண்டுபிடிக்கல. கண்டுபிடிச்சா சொல்றேன்.

அப்புறம் நோட்டை எடுத்துப் பாத்தேன், பெரியவன் ரெண்டாம் நம்பரோட 1ஐ அடிக்கல, பக்கத்துல புதுசா ஒரு வரி போட்டிருக்கான்: "2 (பாட்டி) 10". அத்தை அதைப் பாத்துட்டு மிளகாத்தூள் கொஞ்சம் கம்மியாயிருச்சு, ஒன்பது போடுன்னு சொல்லிட்டாங்க.