புதுப்பிப்பு: லிம்பு எழுத்து பெட்டியாகத் தெரிந்த விஷயம்

கிழக்கு நேபாளத்திலும் சிக்கிமிலும் பேசப்படும் லிம்பு மொழியின் பக்கம் ஒன்றில் 'த்ர' எழுத்து மட்டும் வெறும் பெட்டியாக வருகிறது என்று முன்பு எழுதியிருந்தேன் இல்லையா, காரணம் தெரிந்துவிட்டது. கோப்பில் ஒரு குறையும் இல்லை, எழுத்துரு (font) பழையது.

லிம்பு எழுத்துமுறை 2003இல், கணினியில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் இடம் தரும் யூனிகோடு தரத்தின் 4.0 பதிப்பிலேயே இடம்பிடித்துவிட்டது. ஆனால் தேவநாகரியின் ஜ்ஞ, த்ர கூட்டெழுத்துகளுக்கு இணையான இரண்டும் அப்போது சேரவில்லை. அவற்றுக்குரிய இடங்கள் காலியாகவே கிடந்து 2014இல் 7.0 பதிப்பில்தான் நிரம்பின. அதற்கு முன் செய்த எழுத்துருக்களில் பொதுவாக இவற்றுக்கு வடிவம் இருக்காது.

த-வுக்குக் கீழே ர-வைச் சேர்த்தால் போதாதா என்று ஒருவர் கேட்டிருந்தார். லிம்புவில் கீழே ஒட்டும் ய, ர, வ குறிகள் உண்டுதான், ஆனால் இது தனி வடிவம் கொண்ட எழுத்து, ஒட்டி எழுதினால் பார்க்க அது ஆகாது.

புதிய எழுத்துரு போட்டதும் சரியாக வந்தது. 18ஆம் நூற்றாண்டில் இந்த எழுத்தைப் பரப்பிய சிறிஜங்கா அதற்காகவே கொல்லப்பட்டார் என்கிறார்கள், அப்படிப்பட்ட எழுத்தில் ஒன்றுகூட விடுபடக் கூடாது என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு.

இன்னும் பெட்டி தெரிந்தால் முதலில் எழுத்துருவின் பதிப்பைப் பாருங்கள்.