மறு: "எக்ஸ்பேண்டபிள்" - விரிவாக்கத்தக்கதா, வளரிடமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

பின்னால் பாகங்கள் சேர்த்துக்கொள்ளக்கூடியது என்ற பொருளில் வரும் ஆங்கில "எக்ஸ்பேண்டபிள்" பற்றிய பேச்சு இது. 'வளரிடம்' என்ற சொல்லை வைத்து எழுதலாம் என்றேன், "விரிவாக்கத்தக்க கணினி" என்றே வைத்துக்கொள்ளலாம் என்று முந்தைய மடலில் சொன்னீர்கள். எழுதிப் பார்த்தேன், உதைக்கிறது. முதல் தலைமுறை வீட்டுக் கணினிகள் பற்றிய கட்டுரை. அன்றைக்கு வாங்கப் போனவர் முதலில் விலையைக் கேட்டார், அப்புறம் "பின்னால் ஏதாவது சேர்க்க இடம் இருக்கிறதா?" என்று கேட்டார். இந்த இரண்டாவது கேள்விக்குத்தான் சொல் தேவை.

1977இல் வந்த ஆப்பிள்-2, 4 கிலோபைட் நினைவகத்தோடு 1,298 டாலர். மூடியைத் தூக்கினால் உள்ளே 8 செருகுவாய்கள், அதாவது கூடுதல் அட்டைகளைச் செருகும் 'ஸ்லாட்'டுகள். இரண்டு போதும் என்றார் ஆப்பிளை நிறுவியவர்களில் ஒருவரான ஜாப்ஸ். எட்டுக்குக் குறையாது என்று கணினியை வடிவமைத்த வாஸ்னியாக் பிடிவாதமாக நின்றார். நல்லவேளை! வட்டு இயக்கியோ அச்சுப்பொறியோ வாங்கினால், அதற்குரிய அட்டையை உள்ளே செருகினால் முடிந்தது.

பிரிட்டனில் 1981இல் வந்த சின்க்ளேர் இசட்எக்ஸ்-81 வெறும் 69.95 பவுண்டு. ஆனால் நினைவகம் 1 கிலோபைட்தான். 16 கிலோபைட் வேண்டுமென்றால் முதுகில் ஒரு பெட்டியை மாட்ட வேண்டும். தட்டும்போது அது கொஞ்சம் ஆடினாலும் போச்சு, அதுவரை அடித்த நிரல் அத்தனையும் காலி.

காமடோர் நிறுவனத்தின் விக்-20 கணினி, 299.95 டாலர், 5 கிலோபைட். பின்னால் பொதி (கார்ட்ரிட்ஜ்) செருக இருப்பது ஒரே வாய். நினைவகப் பொதியைச் செருகினால் விளையாட்டுப் பொதிக்கு இடமில்லை. இரண்டும் ஒன்றாக வேண்டுமென்றால் தனியாக ஒரு பலகை வாங்க வேண்டும்.

மூன்றுமே "விரிவாக்கத்தக்கவை"தான். முடியுமா என்பதற்கு மட்டும் '-தக்க' பதில் சொல்கிறது. எவ்வளவு என்று கேட்டால் வாயை மூடிக்கொள்கிறது. மாடி கட்டலாம் என்று தூணில் கம்பியை நீட்டி விட்டுவைக்கிறோமே, அந்த மிச்சத்துக்குப் பெயர் வேண்டும். அதனால்தான் 'வளரிடம்'. வினைத்தொகை, வாழிடம் போல. "விக்-20இல் வளரிடம் குறைவு" என்றால் விளங்குகிறதல்லவா?

செடி வளரும் இடம் என்று நினைத்துக்கொள்வார்கள் என்பது உங்கள் ஆட்சேபம். தலைவர்களுக்குக் கட்டுவதும் நினைவகம்தான். கணினி நினைவகம் என்று நாம் எழுதியபோது யாரும் மாலையோடு வந்து நிற்கவில்லையே.

எனக்குத் தீராத சிக்கல் வேறு. 'ஸ்லாட்'டுக்குச் செருகுவாய் சரி. ஆனால் இசட்எக்ஸ்-81இல் வாய் இருப்பது முதுகில் மாட்டும் நினைவகப் பெட்டியில். கணினிப் பக்கம் நீட்டிக்கொண்டிருப்பது மின்சுற்றுப் பலகையின் விளிம்பு மட்டுமே. அதையும் செருகுவாய் என்று எழுதினால் தலைகீழாகிவிடும். 'செருகுவிளிம்பு' என்று தற்காலிகமாக எழுதி வைத்திருக்கிறேன். இதைவிடச் சின்னதாக யாரிடமாவது இருக்கிறதா?