சிறிய வீட்டு வாகனத்துக்கு எந்தச் செசி? வன்னி வீதிகளில் கண்டவை

வவுனியாவிலிருந்து:

தங்கிப் பயணிக்கக்கூடிய சிறிய வாகனம் ஒன்றைக் கட்ட விரும்புபவர்கள் எங்கள் பட்டறைக்கு வரும்போது கட்டில், அடுப்பு, அலுமாரி ஆகியவற்றின் படங்களோடுதான் வருகிறார்கள். எந்த வாகனத்தின் மேல் கட்டுவது என்று கேட்டால், "மலிவாக ஒரு லொறி பார்த்து வைத்திருக்கிறேன், அண்ணை" என்பதே பெரும்பாலும் பதிலாக இருக்கும்.

வேறோர் இடத்தில் அவ்வாறு கட்டப்பட்ட ஒரு லொறி, நெடுங்கேணிப் பக்கத்துக் கிரவல் வீதிகளில் ஒரு மாரிகாலம் ஓடிய பின் எங்களிடம் திருத்தத்துக்கு வந்தது. கதவின் மேல் மூலையிலும் யன்னலின் கீழ் மூலையிலும் தொடங்கிய வெடிப்புகள் சரிவாக ஓடியிருந்தன. அவற்றின் வழியே மழைநீர் இறங்கி, ஒட்டுப்பலகை ஊதிப்போயிருந்தது. பலகையில் குற்றமில்லை. லொறியின் செசி, அதாவது முழு வாகனத்தையும் தாங்கும் அடிப்பகுதி இரும்புச் சட்டம், நெளிந்து கொடுக்கும்படியே செய்யப்படுகிறது: ஒரு பக்கத்து முன்சில்லு கிடங்கில் இறங்கி, மறுபக்கத்துப் பின்சில்லும் தாழும்போது, ஸ்பிரிங்குகளோடு அந்தச் சட்டமும் முறுகுவதால்தான் நான்கு சில்லுகளும் நிலத்தைத் தொட்டுக்கொண்டிருக்கின்றன. அதன்மேல் விறைப்பான பெட்டியை எல்லா இடங்களிலும் இறுக்கிப் பூட்டினால், முறுக்கம் முழுவதும் பெட்டியின் பலவீனமான மூலைகளில் போய்த் தீரும்.

நாங்கள் பெட்டியைக் கழற்றி, அதற்குத் தனியானதோர் அடிச்சட்டம் செய்து, பின்பக்கத்தில் மட்டும் செசியோடு இறுகப் பூட்டி, முன்பக்கத்தில் சுருள்வில் கோத்த நீண்ட ஆணிகளால் பிடித்தோம். இப்போது செசி முறுகும்போது முன்பக்கம் சற்று விலகி, மறுபடி வந்து உட்காரும். செசியின் மேல், கீழ் விளிம்புகளில் துளையிடுவதையும் வெல்டிங் செய்வதையும் நான் எவருக்கும் செய்து கொடுப்பதில்லை. துளை தவிர்க்க முடியாததானால், அந்த இரு விளிம்புகளுக்கும் இடையில் நிமிர்ந்து நிற்கும் நடுச்சுவரில் இடலாம். லொறிச் செசி கூடாதென்று சொல்லவில்லை, ஆனால் இந்தச் செலவுகளையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் அந்த மலிவு பெரும்பாலும் கரைந்துவிடும்.

கிளிநொச்சியிலிருந்து:

மேலே அண்ணை எழுதிய காரணத்துக்காகவே நானும் மனைவியும் டொல்பின் என்று இங்கே அழைக்கப்படும் பழைய டொயோட்டா ஹைஏஸ் வானைத் தெரிவு செய்தோம். வானின் உடலும் அடிப்பகுதியும் ஒன்றாகவே இணைக்கப்பட்டிருப்பதால், பெட்டிக்கும் செசிக்கும் இடையிலான இழுபறி அங்கே எழுவதில்லை. பின்பக்கத்தில் ஸ்பிரிங் பட்டை, பின்சில்லு இழுவை, டேர்போ இல்லாத பழைய டீசல் இயந்திரம் என்று எல்லாமே எளிமையானவை. மாங்குளத்திலும் விசுவமடுவிலும்கூட அதைத் திருத்தத் தெரிந்தவர் கிடைப்பார். விலைதான் மலிவில்லை, 2020 மார்ச் முதல் 2025 தொடக்கம் வரை தனியார் வாகன இறக்குமதி முடங்கியிருந்த காலத்தில் பழைய வான்களுக்கும் விலை ஏறிவிட்டது.

குறைகளும் உண்டு. டொல்பினுக்குப் பின்னர் வந்த கேடிஎச் என்ற ஹைஏஸ் வானின் சாதாரண வகையே வெளியளவில் 4,695 மில்லிமீற்றர் நீளமும் 1,695 மில்லிமீற்றர் அகலமும் கொண்டது. உட்சுவரும் வெப்பத்தடுப்பும் போட்ட பின் வளர்ந்த ஆள் குறுக்கே படுக்க முடியாது, கட்டிலை நீளவாக்கில்தான் வைக்க வேண்டும். இயந்திரம் முன் இருக்கைகளுக்குக் கீழே இருப்பதால், பகல் முழுவதும் ஓடிவிட்டு நிறுத்தினால் அந்தச் சூடு படுக்கும் இடத்துக்கே வரும். வன்னியின் சித்திரை வெயிலில் இது சின்ன விடயமில்லை. லொறியில் இயந்திரம் பெட்டிக்கு வெளியே இருப்பது இந்த ஒரு விதத்தில் மேலானது.

எந்தச் செசியானாலும், உள்ளே ஏறப்போகும் பாரத்தை முதலில் கூட்டிப் பாருங்கள். 100 லீற்றர் தண்ணீர் 100 கிலோ; 100 அம்பியர்-மணி ஈயப் பற்றரி ஏறத்தாழ 30 கிலோ; 12 மில்லிமீற்றர் ஒட்டுப்பலகை சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 7 கிலோ. நெல் ஆலையில் லொறிகளை நிறுக்கும் தராசில் முன்சில்லுகளை மட்டும் ஏற்றி ஒருமுறையும் பின்சில்லுகளை மட்டும் ஏற்றி ஒருமுறையும் நிறுத்தால், எந்த அச்சில் எவ்வளவு பாரம் என்பது தெரிந்துவிடும். நாங்கள் தண்ணீர்த்தாங்கியைப் பின் அச்சுக்கு முன்னால் வைத்தோம்; அச்சுக்கு அப்பால் தொங்கும் பாரம் முன்சில்லுகளைத் தூக்கும், ஈரக் கிரவலில் ஸ்டியரிங் சொல் கேட்காது.

முல்லைத்தீவிலிருந்து:

பின்னால் இரட்டை ரயர் உள்ள லொறி கூடுதல் பாரம் தாங்கும் என்று நம்பி வாங்குபவர்கள் இரண்டு விடயங்களைக் கவனிக்க வேண்டும். கிரவல் வீதியில் இரு ரயர்களுக்கும் இடையில் கல் சிக்கினால் பக்கச்சுவர் சேதமாகும். சேற்றிலும் மணலிலும் முன்சில்லு வகுத்த தடத்தில் பின்சில்லுகள் முழுமையாக ஓடாமல், புதுத்தடம் உழுதுகொண்டு வருவதால் இழுவைக்குக் கூடுதல் வலு தேவைப்படும். வட்டுவாகல் பாலத்தின் ஒடுக்கத்தை அறிந்தவர்களுக்கு, பெட்டியை ஏன் அகலமாகக் கட்டக் கூடாது என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

நான்கு சில்லு இழுவை வேண்டுமா என்றால், ஊர்மனைகளுக்கு மட்டும் போவதானால் வேண்டாம் என்பேன்.

முற்பணம் கொடுக்கும் முன் செசியிலும் இயந்திரத்திலும் பொறிக்கப்பட்டுள்ள இலக்கங்களைப் பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வாகனத்தின் உடலமைப்பை மாற்றுவதற்கு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் அனுமதி தேவை என்பதால், வெட்டும் வேலை தொடங்குமுன் அங்கே விசாரித்து விடுங்கள்.