புதுப்பிப்பு: ரேம் ஏற்ற முடியுமா, கடையிலேயே பார்ப்பது எப்படி?

வாங்கிய பிறகும் ரேமை (லேப்டாப்பின் தற்காலிக நினைவகம்) கூட்டிக்கொள்ளக்கூடிய லேப்டாப்பாக வாங்குங்கள் என்று முன்பு சொல்லியிருந்தேன். அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டவர்களுக்காக இது.

கடையின் டெமோ பீஸில் விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபாமன்ஸ், மெமரி எனப் போங்கள். ஃபார்ம் ஃபேக்டரில் 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்றிருந்தால் ரேம் போர்டிலேயே சால்டர் செய்து ஒட்டியது, கழற்ற முடியாது. அப்படியானால் வாங்கும்போதே 16 ஜிபி எடுத்துவிடுங்கள். 'எஸ்ஓடிம்' என்றால் ஸ்லாட்டில் (ரேம் செருகும் இடம்) மாட்டிய தனி ரேம் அட்டை, கழற்றலாம். ஸ்லாட் எண்ணிக்கையை மட்டும் நம்பாதீர்கள், ஒட்டிய சிப்பையும் ஸ்லாட்டாகவே காட்டும். சில மாடல்களில் பாதி ஒட்டியது, பாதி ஸ்லாட், விற்பவருக்கே தெரியாது!

இன்டெல் ஐரிஸ் எக்ஸ்இ கிராபிக்ஸ் உள்ளது என்று விற்ற மெஷின், விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் 'யுஎச்டி கிராபிக்ஸ்' என்று காட்டுகிறதா? பெரும்பாலும் ஒரே ஒரு ரேம் அட்டையில் ஓடுகிறது. 8 ஜிபி உள்ளதில் இரண்டாவதாக இன்னொரு 8 ஜிபி ரேம் போட்டால் பெயரும் மாறும், கிராபிக்ஸ் வேகமும் கூடும். டிடிஆர்4, டிடிஆர்5 என்பவை ரேமின் வேறு வேறு தலைமுறைகள்; டிடிஆர்4 ஸ்லாட்டில் டிடிஆர்5 பொருந்தாது, பார்த்து வாங்குங்கள்.