புளி போட்டுத் துலக்கிய சூரியன்

வெண்கலக் காசு கையில் வைத்திருக்கும் யாரும் நான் செய்ததைச் செய்துவிடக் கூடாதே என்றுதான் இதை எழுதுகிறேன்.

இங்கிலாந்து வந்த புதிதில், ஒரு நாணயச் சந்தையில் சுத்தம் செய்யாத ரோமானியக் காசுகள் பத்து வாங்கினேன். எல்லாம் மண்கட்டி. டிஸ்டில்டு வாட்டரில் ஊறப்போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி, பல்குத்தும் குச்சியால் மெல்ல நெருடிக்கொண்டே இருந்தேன். மூன்றாவது வாரம் ஒன்றில் ஒரு கை தெரிந்தது. தூக்கிய வலது கை. அப்புறம் தலையைச் சுற்றிக் கதிர்கள், இடது கையில் உருண்டை. சுற்றிலும் ‘சோலி இன்விக்டோ கோமிடி’: வெல்ல முடியாத துணைவன் சூரியனுக்கு. மறுபக்கம் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன். 312இல் சிலுவையின் துணையால் போரில் வென்றவர் என்று படித்தோமே, அவரேதான். அதற்குப் பிறகும் சில ஆண்டுகள் சூரியதேவன் அவர் காசுகளில் நின்றுகொண்டுதான் இருந்தான். காலடியில் லண்டன் அக்கசாலையின் முத்திரை. தினமும் நான் ரயிலில் போய் இறங்கும் ஊரில் அடித்த காசு!

காசு கரும்பச்சையாக இருந்தது. குத்துவிளக்கு துலக்கிப் பழகிய கை. புளியும் உப்பும் போட்டுத் தேய்த்துவிட்டேன். பச்சை போய்ச் செம்பு பளிச்சென்று வந்தது. சூரியனின் முகமும் விரல்களும் பச்சையோடு போயின. உருவத்தின் நுணுக்கமெல்லாம் அந்தப் பச்சைத் தோலில்தான் இருக்கிறது என்று அப்போது எனக்குத் தெரியாது. அன்று இரவு தூக்கம் வரவில்லை.

---

அண்ணா, படித்ததும் மனசு கனத்துவிட்டது. ஆனால் உடனே ஒன்று செய்யுங்கள். உப்பு போட்டேன் என்கிறீர்களே, அந்தக் காசை வெளிச்சத்தில் பாருங்கள். வெளிர்பச்சையாக, தொட்டால் மாவு போல ஒட்டும் பொடி இருக்கிறதா? உப்பிலுள்ள குளோரைடு ஈரத்தோடு சேர்ந்தால் வெண்கலத்தை அரித்துக்கொண்டே போகும். சிங்கப்பூர் ஈரத்தில் என் ஜானஸ் காசுக்கு அதுதான் வந்தது. ஜானஸ் ஒரு ரோமக் கடவுள்; முன்னும் பின்னும் பார்க்கும் இரட்டை முகம், மறுபக்கம் கப்பலின் முகப்பு. ரோமாபுரிப் பையன்கள் இந்தக் காசைச் சுண்டிவிட்டு ‘தலையா, கப்பலா’ என்று கேட்பார்களாம், நம் பூவா தலையா போல. அதில் ஒரு முகத்தின் தாடியை அரிப்பு தின்றுவிட்டது. இப்போது ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வைத்திருக்கிறேன்.

---

கரூர்க்காரன் நான். அமராவதி மணலில் கிடைத்த கடைக்கால ரோமச் செம்புக் காசுகளை ஒரு பெரியவர் வீட்டில் பார்த்தேன். சுண்டுவிரல் நகத்தளவுதான். பெரும்பாலும் தேய்ந்து வழுக்கை. ஒன்றில் மட்டும் சாய்வாக வெளிச்சம் பட்டபோது ஒரு இறக்கை தெரிந்தது. வெற்றித் தேவதை விக்டோரியா. பெரியவர் அதை விளிம்பில் மட்டும்தான் பிடித்தார், என்னையும் அப்படியே பிடிக்கச் சொன்னார்.

---

தம்பி, பார்த்தேன். மன்னரின் காதுக்குப் பின்னால் கடுகளவு வெளிர்பச்சை. திரும்பவும் டிஸ்டில்டு வாட்டரில் போட்டிருக்கிறேன்.